ஆளைக் காணவில்லையா? ஆபத்து எவ்வளவு என்று முதல் மணி நேரத்தில் கணிக்க ஒரு குமரி மாவட்ட வழிகாட்டி

நம் ஊரில் ஒருவரைக் காணவில்லை என்றதும் முற்றத்தில் கூடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல என்ன பிரச்சினை?" என்பதுதான். யாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், எவ்வளவு கடன் இருந்தது, காலையில் யார் திட்டியது என்று பேச்சு நீளும். அதற்குள் இருட்டிவிடும். ஏன் போனார் என்பதை ஆள் கிடைத்த பிறகு அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த சில மணி நேரத்தில் இந்த ஆளுக்கு என்ன கெடுதல் நேரக்கூடும்?

போலீசுக்கு முன்னாலேயே கூப்பிடப்படுகிற சிலர் எல்லா ஊரிலும் உண்டு. வார்டு உறுப்பினர், பள்ளி ஆசிரியர், பங்குப் பேரவைக்காரர், ஊர்ச் சங்கத்து இளைஞர்கள். அந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர்களும் படிக்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுவோம். காணாமல் போய் 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் புகார் கொடுக்க முடியும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் எஃப்ஐஆராகப் பதிய வேண்டும், கடத்தலாகவோ ஆள்கடத்தல் வியாபாரமாகவோ இருக்கலாம் என்ற அனுமானத்திலேயே விசாரணை தொடங்க வேண்டும் என்று 2013-இல் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "காதல் விவகாரமா இருக்கும், ரெண்டு நாள்ல வந்துரும்" என்பது பதினாறு வயதுப் பெண்ணின் விஷயத்தில் சட்டப்படி ஒரு பதிலே இல்லை.

முதல் படி: கடைசியாகக் கண்ணால் பார்த்தது யார்?

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எழுதினால் நடுவில் பத்து அழைப்பு வரும். வீட்டில் இருப்பவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டாகக் கேட்டால் குரல் பெரிதாக உள்ளவர் சொன்னதையே எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

"அக்கா, கடைசியா எப்ப பாத்தீங்க?"
"காலத்த."
"காலத்தன்னா? பால்காரர் வந்த பொறவா, முன்னாலயா?"

இப்படித்தான் நேரத்தைப் பிடிக்க வேண்டும். கடிகாரத்தைக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. பால், பள்ளி பஸ், கோயில் மணி, சீரியல், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஆட்கள் ஆகியவற்றை வைத்துக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கண்ணால் பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். "ஒன்பது மணிக்கு அண்டி ஆபீசுக்குப் போனாள்" என்று, முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் மகளைப் பற்றி அம்மா சொல்வார். அவள் அங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை என்றால், கடைசியாகப் பார்த்த இடம் வீட்டு வாசல்தான்.

அப்புறம் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டு, எதையும் இடம் மாற்றாமல். போன், சார்ஜர், ஏடிஎம் கார்டு, ஆதார், மூக்குக்கண்ணாடி, செருப்பு, வண்டிச் சாவி. இவற்றில் எது போயிருக்கிறது, எது இருக்கிறது? ஆண்கள் விஷயத்தில் வண்டி வீட்டிலேயே நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, அருமனைப் பக்கம் மறதி நோய் உள்ள எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டா என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை மாத்திரை அட்டையில் நேற்று இரவு வரைக்கும் குழி உடைந்திருக்கிறது, இன்று காலைக் குழி உடையவில்லை. ஆக, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பியிருக்கிறார். செருப்பு படியில் கிடக்கிறது. சுவரில் மாட்டியிருந்த பழைய தலைவிளக்கைக் காணவில்லை. பாட்டா முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். அப்படியானால் அவர் காணாமல் போனது காலை ஏழு மணிக்கு அல்ல, மூன்று நான்கு மணிக்கு. போன இடமும் அநேகமாக அவர் முன்பு வேலை பார்த்த எஸ்டேட். மருமகள் விழித்த நேரத்தை வைத்துத் தேடியிருந்தால் மூன்று மணி நேரம் கணக்கிலேயே வந்திருக்காது.

இரண்டாம் படி: ஆள் யார்?

ஆபத்தில் பாதியை ஆளின் நிலையே சொல்லிவிடும். கீழே சொல்கிறவர்களில் ஒருவர் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் உடனடி ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறு குழந்தை. மறதி நோய் உள்ள முதியவர். ஆட்டிசம் உள்ள குழந்தை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை என்று நேரம் தவறக்கூடாத மருந்தில் இருப்பவர். மனநல சிகிச்சையில் இருந்து மருந்தை நிறுத்தியவர். பிரசவமாகிச் சில வாரமே ஆன பெண். உயிரை விடும் பேச்சை எடுத்தவர், முன்பு ஒருமுறை முயன்றவர்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் வாயைத் திறக்கத் தயங்குவது இதில்தான். நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போவேன்னு எப்பவாவது சொன்னாரா?" கேட்பதால் கெடுதல் ஒன்றும் வராது. "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு, கடன் கணக்கைத் திடீரென்று எழுதி வைத்தது, பிரியமான பொருளை யாருக்காவது கொடுத்தது, பல வாரம் வாடியிருந்துவிட்டு நேற்று மட்டும் அமைதியாகத் தெரிந்தது, நீண்ட நாள் பேசாத தங்கைக்குப் போன் பண்ணி நலம் விசாரித்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போலீசிடம் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். மானம் போகும் என்று மறைத்தால் ஸ்டேஷனில் அதைச் சாதாரணப் புகாராக வைத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பதறிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கொடுங்கள்.

குடிக்கிற ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. "குடிச்சிட்டு எங்கயாவது கிடப்பான்" என்ற வாக்கியம்தான் இந்த வேலையில் நான் கேட்டதிலேயே ஆபத்தானது. குடித்தவர் சானல் (பாசனக் கால்வாய்) கரையிலும் கிடக்கலாம், தண்டவாளத்து ஓரமும் கிடக்கலாம். வழக்கமாகக் கிடக்கிற இடத்தில் இருக்கிறாரா என்று ஒருவரை அனுப்பிப் பாருங்கள். இல்லை என்றால் அவரையும் மற்றவர்களைப் போலவே தேட வேண்டியதுதான்.

அடிக்கடி வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதை. நாலாவது தடவை என்றால் ஊரில் யாரும் அசைய மாட்டார்கள். என் கணிப்பு நேர்மாறானது. திரும்பத் திரும்பப் போகிற பிள்ளைக்கு வீட்டில் தாங்க முடியாத ஏதோ இருக்கிறது, அல்லது வெளியே யாரோ இழுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகவே கணிக்க வேண்டும்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

ஒரே ஆளுக்கு நாகர்கோவில் டவுனில் பகல் பதினொரு மணிக்கு உள்ள ஆபத்து வேறு, மழைக்காலத்தில் கோதையாற்றுப் பக்கம் மாலை ஆறு மணிக்கு உள்ள ஆபத்து வேறு. நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கடலும் காடும் மாநில எல்லையும் வந்துவிடும்.

தண்ணீரை முதலில் வையுங்கள். குளங்கள், கிணறுகள், தாமிரபரணி, பழையாறு, வள்ளியாறு, போதாததற்குத் தோவாளை சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால். ஜூனில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்த பிறகு சானல்கள் நிறைந்து ஓடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைத் தண்ணீர் ஈர்க்கும். அவர்களைக் காணவில்லை என்றால் கடைத்தெருவுக்கு ஓடாமல், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தண்ணீருக்கு முதலில் ஆள் அனுப்புங்கள். தண்ணீரில் தேட வேண்டுமானால் 101-இல் தீயணைப்பு மீட்புத் துறையைக் கூப்பிடுங்கள். நீச்சல் தெரிந்த பையன்கள் கயிறு இல்லாமல் ஆழமான கயத்தில் குதிப்பதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

கடற்கரை என்றால் கள்ளக்கடலை நினைவில் வையுங்கள். காற்றோ மழையோ இல்லாத நாளிலும் எங்கோ தூரத்தில் எழுந்த அலை கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். கரையில் துணியும் செருப்பும் மட்டும் இருந்தால் நேரத்தைக் கடத்தாமல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குச் சொல்லுங்கள்.

மீன்பிடிக்கப் போனவர்கள் கணக்கு தனி. மாலையில் போய் விடியலில் கரையேற வேண்டிய ஃபைபர் வள்ளம் மதியம்வரை வரவில்லை என்றாலே அவசரம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. அங்கே நாள் கணக்கைவிட, கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியது எப்போது, எந்தப் படகோடு, எந்த இடத்திலிருந்து என்பதே முக்கியம். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எந்தப் படகில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் கரையில் சரியாக இல்லாததால் எண்ணிக்கையே பல நாள் குழம்பிக் கிடந்தது. படகு கிளம்பும்போது பெயரும் வீட்டு போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்று கரையில் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

மேற்கே எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், போகிறவருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப் தூரம். "கையில காசே இல்ல, தூரமா போயிருக்க மாட்டா" என்று சொல்வார்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இலவசம். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறிக் காசில்லாமலே மாவட்டத்தின் மறுமுனைக்குப் போய்விடலாம். எல்லை ஓரத்தில் போனின் டவர் கேரளப் பக்கம் காட்டினாலும் ஆள் இந்தப் பக்கமே இருக்கக்கூடும், மறுபக்கமாகவும் இருக்கலாம். அதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமும் விசாரிக்கச் சொல்லுங்கள். குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் "எங்க லிமிட் இல்ல" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான்.

ரயிலை மறந்துவிடாதீர்கள். நாகர்கோவில், கன்னியாகுமரி, இரணியல், குழித்துறையிலிருந்து கிளம்புகிற வண்டிகள் மறுநாள் காலை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். ரயில்வே உதவி எண் 139.

நான்காம் படி: முடிவு எடுப்பது

பிரிட்டன் போலீசார் காணாமல் போனவர் பற்றிய ஒவ்வொரு புகாரையும் உயர்ந்த, நடுத்தர, குறைந்த ஆபத்து என்று தரம் பிரித்து, அதற்கேற்ப வேலையை முடுக்குகிறார்கள். நமக்கும் அது போதும். ஆனால் கணக்குப் போட்டு மதிப்பெண் கூட்ட வேண்டாம். பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு நல்ல பதிலும் ஒன்றுக்கு மட்டும் கெட்ட பதிலும் வந்தால், அந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும்.

இரண்டாம் படியில் சொன்னவர்கள், தண்ணீர் அல்லது காட்டுப் பக்கம் போனதற்கு அடையாளம் உள்ளவர்கள், யாரோ மிரட்டிய பின் காணாமல் போனவர்கள் எல்லோரும் உடனடி ஆபத்தில் இருப்பவர்கள். இப்போதே அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். ஒருவர் ஸ்டேஷனுக்கு, மற்றவர்கள் தேட. குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள்.

வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, ஆனால் குறிப்பான ஆபத்து தெரியவில்லை என்றால் நடுத்தரம். வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர் பத்து மணிக்கும் வரவில்லை, போன் அணைந்திருக்கிறது. கூட்டுக்காரர்கள் (நண்பர்கள்) வீடு, வேலை இடம், ஆஸ்பத்திரிகளை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டு, அன்று இரவே புகார் கொடுங்கள். விடியட்டும் என்று காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

வயது வந்தவர், சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், உடை எடுத்துப் போயிருக்கிறார், போன் பேசுகிறார், குரலில் பயமில்லை என்றால் குறைவு. ஆபத்தே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ஆளை நேரில் பார்க்காதவரை அது யாருக்கும் தெரியாது.

இங்கே சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில நேரம் ஆபத்து தேடுகிறவர்களிடமிருந்தே வரும். அடி தாங்காமல் போன மனைவி, வேறு சாதியிலோ மதத்திலோ விரும்பியவரோடு போன 20 வயதுப் பெண். அப்பாவோடு நாலு வண்டியில் ஆட்கள் கிளம்புகிறார்கள் என்றால், அவள் வீட்டில் இல்லை என்பதைவிடப் பெரிய ஆபத்து அந்த வண்டிகளில் போகிறது. அப்போது உங்கள் வேலை தேடுவது அல்ல. போலீசிடம் இந்த விவரத்தைத் தனியாகச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்த முகவரியை வீட்டாரிடம் கொடுக்காதீர்கள், பெண்ணுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் போய்ச் சேர வழி பாருங்கள். வயது வந்தவர் தன் விருப்பத்தோடு பத்திரமாக இருந்தால், எங்கே இருக்கிறார் என்பதை வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

ஐந்தாம் படி: ஸ்டேஷனில்

அண்மையில் எடுத்த முழு உருவப் படம் வேண்டும். கல்யாண ஆல்பத்து மேக்கப் படம் உதவாது. உயரம், நடை, தழும்பு, கடைசியாக உடுத்தியிருந்தது, பேசும் மொழிகள், போன் நம்பர்கள், ஜிபே வைத்திருக்கும் வங்கி, மருந்துகள், போயிருக்கக்கூடிய இடங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு நகல் எடுங்கள். "எங்களுடைய கணிப்பில் உடனடி ஆபத்து, காரணம் இது" என்று புகாரிலேயே ஒரு வரி சேருங்கள். எழுத்தில் இருப்பதைக் கண்டும் காணாமல் விடுவது கடினம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எஃப்ஐஆர் எப்போது என்றும் கேளுங்கள். புகார்தாரருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்பிக்கு எழுத்து மூலமாக அனுப்பலாம். யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற வலுவான சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு என்ற வழியும் உண்டு. குழந்தை நான்கு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். தேதியைக் குறித்து வைத்துக் கேட்டு வாங்குங்கள்.

சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்து மேலே புதியது ஏறிவிடும். பஸ் ஸ்டாண்ட், பெட்ரோல் பங்க், முக்குக் கடை என்று எங்கெங்கே கேமரா இருக்கிறது என்ற பட்டியலை அன்றே போலீசிடம் கொடுங்கள். கடைக்காரரிடம் அழிக்காமல் வைக்கும்படி சொல்லி வையுங்கள். துவைக்காத தலையணை உறையைத் தொடாமல் விட்டால் மோப்ப நாய் வந்தால் உதவும்.

ஆஸ்பத்திரிகளில் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். விபத்தில் சிக்கி 108-இல் வந்தவருக்குப் பெயர் இருக்காது. ஆசாரிப்பள்ளம், தக்கலை, குழித்துறை, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் எல்லாவற்றிலும் "அடையாளம் தெரியாதவர் யாராவது வந்தார்களா" என்று கேளுங்கள்.

தேடும்போது

மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள். ஒரு திசையில் நடந்துகொண்டே போய், வேலியோ புதரோ மறிக்கும் இடத்தில் சிக்கி நின்றுவிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. அதனால் ரோட்டில் ஜீப்பில் மைக் கட்டிப் போவதைவிட, நாலு பேர் வரிசையாக விளைக்குள் (தோப்புக்குள்) நடந்து ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்ப்பதே பயன். ரப்பர் தோட்டத்தில் வரிசைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பார்த்த வரிசைக்கு ஒரு துணித்துண்டு கட்டிவிட்டு நகருங்கள். கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் வனத்துறையிடம் சொல்லாமல் இரவில் காட்டுக்குள் போக வேண்டாம், யானை இருக்கிறது.

பிரிட்டனில் ஹெர்பர்ட் நெறிமுறை என்று ஒரு படிவம் உண்டு. மறதி நோயோடு வாழ்ந்து, ஒருநாள் காணாமல் போய் இறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற இரண்டாம் உலகப் போர் வீரரின் பெயரில் அமைந்தது. பழைய வீடு, பழைய வேலை இடம், பழக்கங்கள், மருந்து, படம் எல்லாவற்றையும் காணாமல் போவதற்கு முன்பே வீட்டார் எழுதி வைப்பார்கள். நம் வீட்டு முதியவர்களுக்கும் அப்படி ஒரு தாள் எழுத அரை மணி நேரம் போதும். இதற்கு எந்த அரசாங்க உத்தரவும் தேவையில்லை.

ஆறாம் படி: மறுபடியும் கணிப்பது

காலையில் போட்ட கணிப்பு மாலைக்கு உதவாது. இருட்டு, மழை, தவறிய மருந்து, அணைந்த போன், புதிதாக வெளிவந்த ஒரு செய்தி, எல்லாம் ஆபத்தை மாற்றும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து, என்ன மாறியது என்று நேரம் போட்டு எழுதுங்கள். பெரிதாக ஏதாவது மாறினால் ஸ்டேஷனுக்கு உடனே சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் போடுவதைப் போலீசிடம் கேட்டபின் செய்யுங்கள். தொடர்பு எண்ணாக ஸ்டேஷன் நம்பரைப் போடுங்கள். வீட்டு நம்பரைப் போட்டால் "உங்க பிள்ளை எங்ககிட்ட இருக்கு, பணம் அனுப்புங்க" என்று ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுவார்கள். காரணத்தை எழுதாதீர்கள். "காதல் தகராறில்", "கடன் தொல்லையால்" என்று ஒருமுறை எழுதினால் ஆள் திரும்பி வந்தாலும் அந்த வரி போகாது.

ஆள் கிடைத்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா, எங்கயாவது வலிக்குதா?" என்பதாக இருக்கட்டும். முதியவரையும் குழந்தையையும் பார்க்க எவ்வளவு நலமாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிள்ளைகள் என்றால் ஓரிரு நாள் கழித்து, வீட்டாரில்லாத ஒருவர், அவர்கள் நம்புகிற ஆசிரியரோ அத்தையோ, எங்கே இருந்தாய், யார் கூட்டிப் போனார்கள் என்று நிதானமாகக் கேட்க வேண்டும். யாராவது தொட்டதாகவோ மிரட்டியதாகவோ சொன்னால் அதை வீட்டுக்குள் பேசி முடிக்கக் கூடாது, 1098-க்கோ போலீசுக்கோ போக வேண்டும். ஆள் கிடைத்த விவரத்தை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து வழக்கை முடியுங்கள். படம் போட்ட ஒவ்வொரு குழுவிலும் "கிடைத்துவிட்டார், படத்தை அழித்துவிடுங்கள்" என்று போடுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரைக் கிழிக்க ஒரு பையனை அனுப்புங்கள்.